முதுமையில் கீட்டோ: குறைவது எடையா, தசையா?

1862-ஆம் ஆண்டு. லண்டனில் வில்லியம் பேன்டிங் என்ற முதியவருக்கு மாடிப்படி இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு அவர் எடை 202 பவுண்டு, ஏறத்தாழ 92 கிலோ. மூட்டுகள் தாங்காததால் படியில் பின்பக்கமாகத் திரும்பி, மெல்ல மெல்ல இறங்குவார். எடை குறைய முன்பே படகு வலித்துப் பார்த்திருந்தார். உடல் வலுத்தது, கூடவே பசியும் வலுத்தது, எடை ஏறியதுதான் மிச்சம். பிறகு வில்லியம் ஹார்வி என்ற மருத்துவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பியர் ஆகியவற்றை நிறுத்தி, இறைச்சியும் மீனும் காய்களும் சாப்பிடச் சொன்னார். ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. படியில் முன்பக்கமாக இறங்க முடிந்தது. 1863-இல் இதைச் சிறு நூலாக எழுதி அச்சிட்டார். 81 வயது வரை வாழ்ந்தார்.

மாவுச்சத்தைக் குறை, உடற்பயிற்சி தேவையில்லை, வயது ஒரு தடையில்லை: இன்றைய கீட்டோ பேச்சின் மூன்று கூறுகளும் பேன்டிங்கின் கதையில் இருக்கின்றன. தமிழில் இந்தப் பேச்சு பரவியது பேலியோ என்ற பெயரில். நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' நூலும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' முகநூல் குழுவும் அரிசியை விட முடியாது என்று நம்பியிருந்த ஒரு சமூகத்துக்கு, விட முடியும் என்று காட்டின. காலையில் நூறு பாதாம், பட்டர் டீ, மதியம் பனீர் அல்லது முட்டை, இரவு இறைச்சி என்பது பல வீடுகளுக்குப் பழகிய பட்டியலாகிவிட்டது. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று அந்தக் குழு வலியுறுத்தியதையும் சொல்லியாக வேண்டும். உணவை மாற்றுவது உடலோடு விளையாடும் காரியம் என்ற உணர்வு அதில் இருந்தது.

கீட்டோ பிறந்த இடம் வேறு. 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக இதை முன்வைத்தார். ஒரு நாள் மாவுச்சத்தை 20 முதல் 50 கிராமுக்குள் சுருக்கினால் உடல் கொழுப்பை எரித்து, அதிலிருந்து கீட்டோன்களை உண்டாக்கி, அவற்றை எரிபொருளாகக் கொள்ளும். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு வேளைச் சோறே இரண்டு நாள் கணக்கை எட்டிவிடும். முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த கிளைகோஜன் கரையும்போது, ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்கு நீரும் வெளியேறும். எடை பார்க்கும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இந்த முறையின் பலங்களை மறைக்கத் தேவையில்லை. இந்தியர் உண்ணும் கலோரிகளில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய இண்டியாப் ஆய்வின் கணக்கு. அதே ஆய்வு 2023-இல் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் டீயும் பிஸ்கட்டும், இரவு தோசை என்று போகும் நாளில் மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதுதான். புரதமும் கொழுப்பும் கூடினால் பசி அடங்குகிறது. சர்க்கரை அளவு விரைவாக இறங்குகிறது. முழங்கால் தேய்ந்து, நாலடி நடந்தால் வலிக்கும் முதியவருக்கு உடற்பயிற்சியால் எடை குறைப்பது கடினம். அவருக்கு உணவுதான் முதல் வழி. எடையைக் குறைப்பதில் உணவின் பங்கு பெரிது, உடற்பயிற்சியின் பங்கு சிறிது என்பதில் மருத்துவ உலகத்துக்கும் பெரிய மறுப்பில்லை.

ஆனால் கீட்டோவுக்கு மட்டும் தனி மந்திரம் உண்டா? ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஓராண்டு கவனித்து, 2018-இல் வெளியிட்ட ஆய்வில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அவர்களில் யாரும் ஐம்பது வயதைத் தாண்டியவர் அல்லர். முதியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: குறைந்த கிலோக்களில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை?

2011-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நேரான பதில் தருகிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடல் பருத்த 107 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். அவர்கள் உண்டது கீட்டோ உணவு அல்ல, கலோரி குறைத்த சாதாரண உணவுதான். உணவை மட்டும் குறைத்தவர்களுக்கு எடை 10 விழுக்காடு குறைந்தது. உணவோடு பயிற்சியும் செய்தவர்களுக்கு 9 விழுக்காடு. எடையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கொழுப்பு நீங்கலான உடல் எடையோ முதல் குழுவில் 5 விழுக்காடும், இரண்டாவதில் 3 விழுக்காடும் குறைந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி முதல் குழுவில் 3 விழுக்காடு இறங்கியது; இரண்டாவதில் 1 விழுக்காடுதான். உடலியக்கச் சோதனையிலும் அதிகம் தேறியது உணவோடு பயிற்சி செய்த குழுவே.

முப்பது வயதுக்காரர் இழந்த தசையை ஓரளவு மீட்டுக்கொள்வார். எழுபதில் அது எளிதல்ல. உண்ணும் புரதத்தைத் தசையாக்கும் திறன் வயதோடு மங்குகிறது. சலித்துப்போய்ப் பழைய சோற்றுக்குத் திரும்பினால் எடை மீண்டும் ஏறும்; ஆனால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு, போன தசை போனதுதான். எடைக் கருவி பழைய எண்ணையே காட்டும். ஆனால் கழிவறையில் எழக் கை ஊன்ற வேண்டியிருக்கும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதுமையில் எவ்வளவு பெரிய ஆபத்து என்பது அப்படி ஒருவரைக் கவனித்துக்கொண்ட வீட்டாருக்குத் தெரியும்.

அடுத்தது மருந்து. இளைஞர் கீட்டோ தொடங்கும்போது பெரும்பாலும் மாத்திரை எதுவும் இருக்காது. அறுபதுக்கு மேல் மாத்திரைப் பெட்டி இல்லாத வீடு அரிது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே தொடர, சோறு மட்டும் நின்றுபோனால் சர்க்கரை அபாயமாக இறங்கும். கீட்டோ உடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுவதால் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு எழுந்து நின்றதும் தலைசுற்றும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு மாவுச்சத்தை அறவே விட்டால், இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோன்கள் அளவு மீறி இரத்தம் அமிலமாகும் நிலை வரக்கூடும். வாந்தியும் மூச்சிரைப்பும் இருந்தும் சர்க்கரைக் கருவி அமைதியான எண்ணைக் காட்டுவதால் வீட்டார் ஏமாந்துபோவார்கள். மருத்துவரைக் கேட்காமல் முதியவர் கீட்டோ தொடங்குவதை இந்த ஒரு காரணத்துக்காகவே தவறு என்பேன்.

மூன்றாவது, தட்டில் என்ன வருகிறது என்பது. நான் வாழும் அந்தமானில், எங்கள் ஊரான கராச்சர்மாவுக்குப் பக்கத்தில் உள்ள சிப்பிகாட்டில் 2004 சுனாமியின்போது நிலம் தாழ்ந்து வயல்கள் கடல்நீரில் மூழ்கின. தீவுக்கு அரிசி கப்பலில் வருகிறது. பாதாமும் வெண்ணெயும் பனீரும் அப்படித்தான். சூரையும் அயிலையும் முட்டையும் தேங்காயும் முருங்கைக்கீரையும் இங்கேயே கிடைக்கின்றன. 1978 முதல் கராச்சர்மாவில் இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நன்றாக முட்டையிடும் நிக்கோபாரிக் கோழி இனத்தைப் பேணி வருகிறது. அறுபது கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 70 கிராம் புரதம் வேண்டும்; சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நிற்க வேண்டும். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் கிடைக்கும். நூறு பாதாம் 25 கிராம் புரதம் தரும்; கூடவே 700 கலோரியும் தரும். தேநீரில் மிதக்கும் வெண்ணெய் புரதமே தராது. சிலருக்குக் கெட்ட கொழுப்பைக் கடுமையாக உயர்த்தும். பேன்டிங்கின் மருத்துவர் வெண்ணெயையும் விலக்கச் சொன்னார் என்பதை அவர் வழி வந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

"நடக்கவே முடியவில்லை, பயிற்சி எங்கே?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தசையைக் காக்க ஓட வேண்டியதில்லை, ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. 1990-இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூத்தவருக்கு 96 வயது. கால் வலிமை சராசரி 174 விழுக்காடு கூடியது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது: இவை போதும் தொடங்க. முழங்கால் வலிக்கு மருத்துவர்கள் சொல்வதும் தொடைத் தசையை வலுவாக்கு என்பதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதுமையில் சோற்றைக் குறைப்பது சரி. கீட்டோன் உண்டாகும் வரை அதை ஒடுக்குவது எல்லாருக்கும் தேவையில்லை, மருந்து உண்பவர்களில் சிலருக்கு ஆபத்து. உடற்பயிற்சி இல்லாமல் எடை குறையும் என்பது உண்மை. அது போதும் என்பது தவறு. வீட்டில் அப்பாவோ அம்மாவோ சோற்றை விட்டிருந்தால், இந்த மாதம் எத்தனை கிலோ என்று கேட்காதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள். போன மாதம் ஐந்து முறை எழுந்தவர் இந்த மாதம் மூன்று முறைதான் எழுகிறார் என்றால், எடை எவ்வளவு குறைந்திருந்தாலும் அவர் இழந்துகொண்டிருக்கிறார். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.