சட்டையின்மேல் ஒரு கழுகு

தீர்த்தமலையில் மாசித் திருவிழா. அடிவாரத்தில் துணிக்கடை பரப்பியிருந்த அரூர் நண்பருக்குத் துணையாக நாமும் ஒரு பகல் முழுதும் அங்கே அமர்ந்திருந்தோம். மக்கள் மலையேறுவதும் இறங்குவதுமாக இருந்தனர். கடையில் கட்டுக் கட்டாகக் கிடந்தவை திருப்பூர்ப் பனியன் சட்டைகள். அவற்றுள் கறுப்புச் சட்டை ஒன்றின் மார்பில் வட்ட முத்திரை ஒன்றும், அதன் நடுவே சிறகு விரித்த கழுகும் இருந்தன. கழுகின் ஒரு காலில் ஆப்பிள் மரக்கிளை. மற்றொன்றில் பேஸ்பால் மட்டை. கடைப் பையனை அழைத்து, "தம்பி, இது என்ன படம்?" என்று கேட்டோம். "கம்பெனி மார்க்கு, பாய்" என்றான் அவன்.

அவன் சொன்னதில் பிழை காண நமக்கு மனம் வரவில்லை. இன்று அது மார்க்குதான். ஆனால் அம்முத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு. 1974 இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நான்கு இளைஞர்கள் கூடி அமைத்த ரமோன்ஸ் என்னும் இசைக்குழுவின் சின்னம் அது. அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையையே எடுத்து, அம்புகள் இருந்த இடத்தில் மட்டையையும், ஒலிவக் கிளை இருந்த இடத்தில் ஆப்பிள் கிளையையும் வைத்து, அவர்களுடைய நண்பரான ஓவியர் அர்தூரோ வேகா வரைந்தார். அரசின் கம்பீரத்தைக் கேலி செய்வதே அதன் உயிர். 1976 இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டு, ஐந்து இலட்சம் பிரதிகளுக்குரிய தங்கச் சான்றிதழைப் பெற 2014 வரை, ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே முதல் நால்வரில் எஞ்சியிருந்த டாமியும் மறைந்தார். பாட்டு நடந்து வந்து சேர்வதற்குள் சட்டை பறந்து உலகைச் சுற்றி வந்துவிட்டது.

'பங்க்' என்று பெயர் பெற்ற இவ்விசையின் பிறப்பை நினைவுகூர்ந்தால், வாணிபம் புகுந்து அதன் கற்பைக் கெடுத்தது என்று கூக்குரலிடுவோருடன் நம்மால் சேர இயலவில்லை. இலண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு உருவானதே கிங்ஸ் ரோட்டில் மால்கம் மக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய துணிக்கடையைச் சுற்றித்தான். கிழிந்த சட்டையும் ஊக்குகளும் முதலிலிருந்தே விலைக்கு விற்கப்பட்டவையே. அதே குழு, 1977 இல் அரசியின் வெள்ளிவிழாக் காலத்தில் வெளியிட்ட பாட்டைப் பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. 2015 இல் அவர்களுடைய இசைத்தட்டு உறைகளின் படங்கள் வர்ஜின் மணி நிறுவனத்தின் கடன் அட்டைகளில் அச்சாயின! அரசாட்சியே வேண்டாம் என்ற பாட்டின் உறை, மாதத் தவணைக்கு வட்டி கணக்கிடும் அட்டையை அலங்கரித்தது. இதைக் கண்டு சிரிப்பதா, அழுவதா? மக்லாரன், வெஸ்ட்வுட் இருவரின் மகனான ஜோ கொரே, 2016 நவம்பரில் ஐம்பது இலட்சம் பவுன் பெறும் என்று தாம் மதித்த பங்க் நினைவுப் பொருள்களைத் தேம்ஸ் ஆற்றின்மேல் படகில் வைத்துத் தீயிட்டார். அந்தத் தீயும் நல்லதொரு விளம்பரக் காட்சியாகவே முடிந்தது என்பது நம் எண்ணம்.

விற்பது ஒன்று, விற்க மறுத்தவர் படும் பாடு வேறொன்று. டெட் கென்னடீஸ் குழுவின் ஜெல்லோ பியாஃப்ரா, தம் பாட்டை லீவைஸ் காற்சட்டை விளம்பரத்துக்குத் தர மறுத்தவர். பின்னர்க் குழுவின் மற்றவர்கள் உரிமைத்தொகை குறித்து அவர்மீது வழக்குத் தொடுத்தனர். 2000 இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. தம் மறுப்பே வழக்கின் வேர் என்றார் அவர். மற்றவர்கள் அதனை மறுத்தனர். தி கிளாஷ் குழுவோ, தன் பழைய பாட்டு ஒன்று அதே லீவைஸ் விளம்பரத்தில் ஒலித்ததால், கலைந்துபோன பிறகு 1991 இல் பிரிட்டனில் முதன்முறையாக முதலிடம் பெற்றது. முதலிடத்தை அடைவதற்கும் காற்சட்டை தேவைப்பட்டது.

இவையெல்லாம் சீமைச் செய்திகள், நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டு அந்தச் சட்டையை மடித்து வைத்தோம். அவ்வேளையில் எதிரே ராட்டினம் சுழலத் தொடங்கிற்று. ஒலிபெருக்கியில் 'எஞ்சாயி எஞ்சாமி'.

2021 மார்ச் 7 ஆம் நாள் மாஜா என்னும் தளத்தின் வழியே வெளியான பாட்டு அது. பாடியோர் தீயும் அறிவும். இசையமைப்பு சந்தோஷ் நாராயணன். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலிருந்து புறப்பட்டவர். கானாவையும் பறையையும் ராக்கையும் கலந்து, சாதியை நேர்நின்று சாடிய அக்குழுவைத் தமிழ்நாட்டின் பங்க் என்றால் மிகையாகாது. 'எஞ்சாயி எஞ்சாமி'யின் உட்பொருள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு. 'எஞ்சாமி' என்பது அந்த முதியவளின் அழைப்பு. மண்ணை விளைவித்தவனுக்கு மண் இல்லை என்னும் துயரமே பாட்டின் நடுநரம்பு. ஒப்பாரியின் சாயல் அதில் உண்டு.

அப்பாட்டு நாற்பது கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. கேரளப் போலீசார் அதனைக் கொரோனா எச்சரிக்கை ஆடலாக்கினர். நல்ல காரியம், அதில் நமக்குப் பிணக்கில்லை. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தனர், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு மின்னட்டை வந்தது. 2022 சூலை 28 இல் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினர். அங்கும் அறிவு இல்லை. எழுதியதும் இசைத்ததும் பாடியதும் தாமே என்று அறிவு எழுதினார். மெட்டு பலர் கூடி அமைத்தது, உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம், அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் விடையிறுத்தார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ் நாராயணன், மூன்றாண்டுகளாகியும் இப்பாட்டினால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அறிவித்தார். சமமாகப் பங்கிட்டுக்கொள்ளச் சுழியம் மிக வசதியான எண்!

மெட்டு யாருடையது என்னும் வழக்கில் நாம் நடுவராக அமரப் போவதில்லை. கூட்டு முயற்சியில் உண்மை பலருடையதாக இருக்கக்கூடும். இலக்கிய நோக்கில் நம்மை உறுத்துவது வேறு. ஒரு கவிஞன் தன் பாட்டியின் வாழ்வைச் சொல்லாக்குகிறான்; சொல் மேடையேறுகிறது; அவன் ஏறுவதில்லை. பாட்டு அவனை விட்டுவிட்டு நடக்கக் கற்றுக்கொள்கிறது. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57 ஆம் பிரிவு, படைப்பு இன்னாருடையது என்று உரிமை கோரும் தகுதியைப் படைத்தவனுக்கு வழங்குகிறது. உரிமையை விற்ற பிறகும் அத்தகுதி அவனிடமே நிற்கும். 2012 இன் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமைத்தொகையை உறுதி செய்தது. ஏட்டில் குறையில்லை. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு ஒன்று நினைவிருக்கும். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் பாடியவரோடு நிறுத்தாமல், எழுதியவர் பெயரையும் சொல்லிவிட்டே தட்டைச் சுழலவிடுவார்கள். அதற்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

இந்த அரூர் வட்டாரத்தில் நிலமும் காடும் குறித்த பாட்டு வெறும் பொழுதுபோக்காக முடியாது. வாச்சாத்தி தொலைவில் இல்லை. 1992 சூனில் அங்குள்ள மலைவாழ் மக்கள்மீது வனத்துறையும் காவல்துறையும் இழைத்த கொடுமைக்கு 2011 இல்தான் 215 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று; 2023 இல் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அந்த மலைகளிலிருந்து வந்தவர்களும் அன்றைய கூட்டத்தில் இருந்திருப்பர்.

ராட்டினக்காரர் பாட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். சுற்று முடிந்துவிட்டது, பிள்ளைகள் இறங்கினர், அடுத்த கூட்டம் ஏறியதும் மீண்டும் முதலிலிருந்து போட்டார். மாலைவரை நாம் எண்ணிக்கொண்டே இருந்தோம். துள்ளும் தொடக்கம் இருபது முறைக்கு மேல் ஒலித்தது. ஒப்பாரிப் பகுதி ஒருமுறையும் வரவில்லை. கடை கட்டும் நேரத்தில் மலையிலிருந்து இறங்கிய இளைஞன் ஒருவன் அந்தக் கழுகுச் சட்டையை விலை பேசினான். நண்பர் நூற்றைம்பது சொன்னார். அவன் நூற்றிருபதுக்கு வாங்கிச் சென்றான்.