எஞ்சிய இருவர்: ஓர் அச்ச நாடகத்தில் நம்பிக்கையும் காதலும்

அச்சமூட்டும் நாடகங்களில் உயிர்தப்பியோரிடையே காதல் அரும்புதல் பழகிப்போன ஒரு மரபாகும். வெளியிலிருந்து வரும் பேயோ பிறிதொரு கொடிய உயிரோ அவர்களை ஒன்றுசேர்க்கும். ஆபத்து நீங்கியதும் காதல் பரிசாகக் கிடைக்கும். பொதுப்பகை ஒன்று இருப்பதனால், அந்நியரான இருவர் ஒருவரையொருவர் எவ்வாறு நம்பத் தொடங்கினர் என்ற வினா அங்கு எழுவதேயில்லை. அவ்வினாவையே தன் பொருளாகக் கொண்ட குறுநாடகம் ஒன்றினை இங்கு நோக்குவோம்.

றொட் சேர்லிங் உருவாக்கி, 1959 முதல் 1964 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘த ருவைலைற் சோன்’ என்னும் தொடரில், மொன்ற்கோமறி பிற்மன் எழுதி நெறிப்படுத்திய ‘ரூ’ (இருவர்) என்பதே அந்நாடகம். அது ஒளிபரப்பான நாள் 1961 செப்ரெம்பர் 15. பேர்லின் மதில் எழத் தொடங்கி ஒரு மாதமே கழிந்திருந்தது. அம்மாத முதல் நாள் சோவியத் ஒன்றியம் அணுச்சோதனைகளை மீளத் தொடங்கியிருந்தது. ஒளிபரப்பு நிகழ்ந்த அதே நாளில் அமெரிக்காவும் நெவாடாவில் தன் சோதனைகளை மீளத் தொடங்கிற்று. நாடகத்தின் அச்சம் கற்பனைப் பூதம் எதனிடமிருந்தும் பிறந்ததன்று என்பது இதனால் தெளிவாகும்.

போரினால் அழிந்து வெறிச்சோடிய ஒரு நகரில், பகைப்படைகள் இரண்டினைச் சேர்ந்த ஓர் ஆணும் (சாள்ஸ் புறொன்சன்) ஒரு பெண்ணும் (எலிசபெத் மொன்ற்கோமறி) சந்திக்கின்றனர். இருவருக்கும் பெயரில்லை, சீருடை மட்டுமே உண்டு. உணவகமொன்றின் சமையலறையில் அவள் அவனைத் தாக்குகிறாள். அவன் அவளை அடித்து வீழ்த்துகிறான். பின்னர் நீரூற்றி எழுப்பி, இனிப் போரிடக் காரணமேதும் இல்லையெனக் கூறி, உணவை விட்டுச் செல்கிறான். அடுத்து, முடிதிருத்தகத்தில் சவர்க்காரமும் துவாயும் அவளுக்குக் கிடைக்கின்றன. அவனது பேச்சு அவளுக்கு விளங்குவதாகத் தெரியவில்லை. ஆயின் உணவும் நீரும் சவர்க்காரமும் விளங்குகின்றன. விலையும் உடைமையும் மறைந்துபோன நகரில் பண்டங்கள் பயன்பெறுமானம் மட்டுமே உடையனவாகின்றன. அவற்றைப் பகிர்தலே நம்பிக்கையின் முதல் மொழியாகின்றது. நம்பிக்கையை உள்ளத்தின் திடீர் எழுச்சியாகக் காட்டாது, பொருள்சார் செயல்களின் படிமுறை வளர்ச்சியாகக் காட்டியமை இந்நாடகத்தின் முதன்மையான சிறப்பெனலாம்.

இவ்வளர்ச்சி நேர்கோட்டிற் செல்வதுமன்று. கடைக் கண்ணாடிக்குள் ஓர் அழகிய ஆடையைக் கண்டு, ‘அழகானது’ எனப் பொருள்படும் ஒரேயொரு ருஷ்யச் சொல்லை அவள் உச்சரிக்கிறாள். நாடகம் முழுவதிலும் அவள் பேசுவது அச்சொல் மட்டுமே. அவன் ஆடையை எடுத்துக் கொடுக்கிறான். அதனை அணிய அவள் நுழையும் இடமோ படைக்கு ஆட்சேர்க்கும் அலுவலகம். அங்குள்ள சுவரொட்டிகளைக் கண்டதும் வெளியே வந்து அவனை நோக்கிச் சுடுகிறாள், குறி தவறுகிறது. அரசுகளும் படைகளும் அழிந்த பின்னரும் அவை பரப்பிய கருத்துநிலை சுவரில் ஒட்டியபடி உயிரோடிருக்கின்றது. அடித்தளம் தகர்ந்த அக்கணமே மேற்கட்டுமானமும் தானாகச் சரிந்துவிடும் எனக் கருதும் இயந்திரப்பாங்கான மார்க்சியர் இக்காட்சியை ஊன்றி நோக்குதல் நன்று.

மறுநாள் அவன் சீருடை களைந்து நிற்கிறான். அவளும் அந்த ஆடையை அணிந்து வருகிறாள். அவளது சொல்லையே அவன் திருப்பிச் சொல்கிறான். காதல் இங்குதான் வெளிப்படுகிறது; அதற்கு முன்னரே நம்பிக்கை வேரூன்றிவிட்டது.

எனினும், இந்நாடகத்தின் எல்லைகளையும் நாம் மறைத்தலாகாது. முதலாவதாக, பேச்சும் பொறுமையும் அமெரிக்க ஆணுக்கு உரியனவாக, மௌனமும் சந்தேகமும் சோவியத் பெண்ணுக்கு உரியனவாகின்றன. முதலில் தாக்குபவளும் பின்னர் சுடுபவளும் அவளே. பனிப்போரைக் கண்டிக்கும் படைப்பு அப்போரின் பார்வையினின்றும் முற்றாக விடுபடவில்லை. இரண்டாவதாக, அவன் தானே சீருடையைக் களைந்து மனிதனாகிறான். அவளோ அவன் எடுத்துக் கொடுத்த ஆடையினாலேயே காதலுக்குரியவளாகிறாள். கடைக் கண்ணாடி வகுத்த பெண்மை போருக்குப் பின்னும் மாறவில்லை. மூன்றாவதாக, போர் எவரது நலனுக்காக நடந்தது என்ற வினாவை நாடகம் எழுப்பவேயில்லை. சமூகத்தை முற்றாக நீக்கிவிட்டே அது சமாதானத்தைக் காண்கிறது. அருவமான மனிதாபிமானத்தின் குறைபாடு இதுவேயாகும்.

எனவே இப்படைப்பை முற்றாக ஏற்பதோ முற்றாக ஒதுக்குவதோ தகாது. அணுப்போர் நெருங்கிவிட்டதாக உணரப்பட்ட நாட்களில், பகைவரின் மொழியிலிருந்து ஒரு சொல்லையேனும் கற்றுக்கொள்ள வேண்டும் எனப் பெருந்தொகையான பார்வையாளருக்கு அது உணர்த்தியது. அது சிறு செயலன்று. ஆயின் போர் ஓய்ந்த உண்மையான சமூகம் எதிலும் இருவர் மட்டும் எஞ்சுவதில்லை. பலர் எஞ்சுகின்றனர், உடைமையுறவுகளும் எஞ்சுகின்றன, சுவரொட்டிகளும் எஞ்சுகின்றன. அங்கு உணவையும் நீரையும் பகிர்ந்துகொள்வது தனிமனிதரின் பெருந்தன்மையால் மட்டும் முடிவதன்று. அப்பகிர்வைச் சமூக ஒழுங்காக்கும் போராட்டத்தின் ஊடாகவே நம்பிக்கை நிலைபெறும். இருவரை இணைத்த இந்நாடகம் நிறுத்திக்கொண்ட இடத்திலிருந்தே நமது சிந்தனை தொடங்க வேண்டியுள்ளது.