விரல் நுனியில் பருந்துகள்

பென்சில்வேனியாவின் ஹாக் மலைக்குச் செப்டம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் வரும். வெப்பக் காற்றில் அவை சுழன்று ஏறும்போது எண்ணுவது வீண். ஒன்றையே இருமுறை எண்ணிவிடுவோம். உச்சியிலிருந்து வரிசையாகத் தெற்கே வழுக்கிப் போகும்போதுதான் விரல் வேலை செய்யும். தூரத்தில் நிறம் தெரியாது. இனத்தை அறியத் தேர்ந்தவருக்குச் சிறகின் வளைவு போதும். பறவையே வராத மணிக்கும் எண்ணுபவர்கள் பூஜ்யம் எழுதுகிறார்களே, அந்த நேர்மைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

முன்பு இங்கே பருந்துகளைச் சுட்டுக் குவித்தார்கள். 1934இல் ரோசலி எட்ஜ் மலையைக் குத்தகைக்கு எடுத்து அதை நிறுத்தினார். காவலுக்கு வந்த மாரிஸ் பிரவுன் எண்ணத் தொடங்கினார். இளம் வெண்தலைக் கழுகுகள் குறைந்ததைக் காட்டிய அந்தக் கணக்கை, ரேச்சல் கார்சன் 1962இல் பூச்சிமருந்துகளுக்கு எதிரான தன் நூலில் சான்றாக வைத்தார்.