நாலு மணிச் சாப்பாட்டுக்கு என்ன பெயர்?

சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். "ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டார். "மூணு வேளைதான் டாக்டர்" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. தினமும் நாலரை மணிக்குக் காப்பியோடு சாப்பிடும் மூன்று வாழைக்காய் பஜ்ஜி அவர் கணக்கில் ஒரு வேளையாகவே சேர்வதில்லை. அந்த வேளைக்கென்று நாம் ஒரு பெயர் வைக்காததும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெயரே இல்லை என்று சொல்ல முடியாது. டிபன், சிற்றுண்டி, பலகாரம், நொறுக்குத்தீனி என்று பல சொற்கள் இருக்கின்றன. ஆனால் ஒன்றாவது முழுதாகப் பொருந்துகிறதா?

டிபன், மதுவை உறிஞ்சிக் குடிப்பதைக் குறித்த ஆங்கிலக் கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதற்கு மதிய உணவு என்றே பொருள் சொல்கிறது. மும்பை டப்பாவாலாக்கள் சுமக்கும் டிபன் இன்றும் மதிய உணவுதான். நாமோ அதைச் சோறல்லாத எல்லாவற்றுக்கும் பெயராக்கிக்கொண்டோம். அதில் ஒரு நன்மை உண்டு. நமக்குச் சாப்பாடு என்றால் சோறு. இட்லி, தோசை, பூரிக்கு வேறொரு சொல் தேவைப்பட்டது. "சாப்பாடா, டிபனா?" என்ற ஒரே கேள்வியில் ஓட்டலில் வேலை முடிந்துவிடுகிறது. குறை என்னவென்றால், அச்சொல் எதைச் சாப்பிட்டோம் என்று சொல்கிறதே தவிர, எப்போது சாப்பிட்டோம் என்று சொல்வதில்லை. காலை இட்லியும் டிபன், மாலை போண்டாவும் டிபன், இரவுத் தோசையும் டிபன்.

சிற்றுண்டி நல்ல தமிழ்ச் சொல். பெயர்ப்பலகையிலும் அழைப்பிதழிலும் அழகாக நிற்கிறது, பேச்சில்தான் ஏறவில்லை. அதைவிடப் பெரிய குறை, 'சிறு' என்று அளவை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது. கேசரியும் நாலு வடையும் வயிற்றுக்குச் சிறியவை அல்ல. நொறுக்குத்தீனியோ முறுக்கு, மிக்சருக்கே சரி. அதில் ஒரு கண்டிப்பும் ஒலிக்கிறது.

பலகாரம் இவற்றில் ஆழமானது. பழ உணவைக் குறித்த 'பலாஹார' என்ற வடசொல்லே அதன் மூலம். அமாவாசை இரவில் சோற்றை விலக்கி இட்லியோ தோசையோ சாப்பிடுவதை இன்றும் பலகாரம் பண்ணுவது என்கிறார்கள். அதாவது, சாப்பிட்டும் 'சாப்பிடாமல்' இருக்க நம் வழக்கம் தந்த சலுகை அச்சொல்லுக்குள் இருக்கிறது. அம்மாவின் பஜ்ஜிக்குக் கிடைத்ததும் அதே சலுகைதான்.

இந்தச் சலுகை எல்லோருக்கும் நன்மை செய்வதில்லை. கட்டட வேலைக்காரருக்கு நாலு மணி வடைதான் வேலை முடியும்வரை தெம்பு. ஆனால் அந்த இடைவெளிக்கு 'டீ' என்றுதான் பெயர். டீ குடிக்கப் பத்து நிமிடம் போதும் என்று மேஸ்திரி நினைப்பதற்கும் அந்தப் பெயர் இடம் கொடுக்கிறது.

பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கேரளத்தில் இந்த மாலை உணவை 'நாலுமணிப் பலகாரம்' என்கிறார்கள். பிரான்சிலும் பிள்ளைகளின் மாலைத் தின்பண்டத்துக்கு 'நாலு மணி' என்றே ஒரு பெயர் உண்டு. என்ன உணவு, எந்த நேரம் என்ற இரண்டையும் கேரளப் பெயர் சொல்லிவிடுகிறது. வேலை முடிந்து ஆறரைக்கு வீடு திரும்புகிறவருக்கு அது பொருந்தாதே என்று கேட்கலாம். மூன்று மணிக்குச் சாப்பிட்டாலும் மதியச் சாப்பாடு என்றுதானே சொல்கிறோம்? பெயர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. நாளில் ஓர் இடத்தைக் காட்டினால் போதும். சோற்றையும் சோறல்லாததையும் பிரிக்க டிபன் இருக்கட்டும். மாலை வேளைக்கு நாலுமணிப் பலகாரமே என் தேர்வு.

எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் சொல்கிறோம். அடுத்த முறை மருத்துவர் கேட்டபோது அம்மா விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலு வேளை டாக்டர்" என்றார்.