வெள்ளிக்கிழமைப் பூசையும் வராத பெண்ணும்

வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு வந்த எம்மவர்களின் நினைவுக் குறிப்புகளில் கிறிஸ்தவர்கள் எழுதியவற்றை வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே பாதையில் செல்கின்றன. முதலில் ஊர்க் கோயில்: மணியோசை, கொடியேற்றம், திருநாள் இரவின் சொரூபப் பவனி. பின்னர் மணியோசை கேளாத பாலைவனம். இறுதியில் எப்படியோ ஒரு கோயிலைக் கண்டுபிடித்து, தமிழ்ப் பூசையில் நின்று கண்ணீர் விடுதல். இவற்றில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இந்த எழுத்து யாரை வெளியே நிறுத்திவிடுகிறது என்பதே எனது கேள்வி.

கோயில் இல்லாத பாலைவனம் என்ற சித்திரமே முழு உண்மையல்ல. மனாமாவின் திருஇருதய ஆலயம் 1939இல் கட்டப்பட்டது. டுபாயில் ஷேக் ராஷித் அளித்த நிலத்தில் 1967இல் புனித மரியாள் ஆலயம் எழுந்தது. கட்டாரில் 2008இல்தான், வெளியே சிலுவையும் மணியும் இன்றி, தோஹாவின் செபமாலை மாதா ஆலயம் திறக்கப்பட்டது. சவூதியில் இன்றுவரை ஒரு கோயிலும் இல்லை. அங்கு செபம் அடைத்த கதவுக்குள்தான். மற்றைய நாடுகளில் ஞாயிறு வேலைநாளாக இருந்தமையால் ஞாயிறு பூசை வெள்ளிக்கிழமைக்கு இடம் மாறியது. அமீரகத்தில் 2022இன் தொடக்கத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறும்வரை வெள்ளியே எம்மவரின் ஞாயிறாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்தவர்கள்தான் பின்னர் எழுதினார்கள். வராதவர்கள் எழுதவில்லை.

எனது பெரியம்மாவின் மகள் தொண்ணூறுகளில் மன்னாரிலிருந்து குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனவர். குவைத் நகரில் 1961 முதல் திருக்குடும்பப் பேராலயம் இருக்கிறது. நாலு வருடத்தில் ஒரு தடவைதானும் அதன் வாசலை அவர் மிதிக்கவில்லை. கடவுச்சீட்டு எசமானின் பெட்டிக்குள் இருந்தது. ஓய்வுநாள் என்று ஒன்று இருக்கவில்லை. கொண்டுபோன செபமாலை அறுந்துபோனபின், இரவில் குசினிக்குள் பாயில் படுத்தபடி பத்து விரல்களையும் மடக்கி மடக்கி அருள்நிறை மந்திரம் சொல்லி முடிப்பாராம். "கோயில் கிட்டத்தான் இருந்தது தம்பி. வீட்டுத் திறப்புத்தான் என்னட்டை இல்லை" என்றார். நமது நினைவுக் குறிப்புகள் அனைத்தையும் விட இந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் சொல்லிற்று. வீட்டுப் பணியாளருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பதைக் குவைத் 2015இலும் அமீரகம் 2017இலும்தான் சட்டமாக்கின. அந்தச் சட்டம் எத்தனை குசினிகளுக்குள் நுழைந்தது என்பது வேறு கதை.

இதனை இலக்கியத்தில் சரியாகப் பிடித்தவர் ஒரு மலையாளி. பல ஆண்டுகள் பஹ்ரேனில் வேலை செய்த பென்யாமின், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 2008இல் வெளிவந்து தமிழுக்கும் வந்த அவரது 'ஆடு ஜீவித'த்தின் நாயகன் நஜீப் ஒரு முஸ்லிம். பள்ளிவாசல்கள் நிறைந்த சவூதியில்தான் அவன் ஆட்டுப்பட்டியில் அடைபட்டுக் கிடக்கிறான். கழுவிக்கொள்ளத் தண்ணீர்கூட மறுக்கப்படுகிறது. அவனிடம் எஞ்சியிருப்பது அல்லாவோடு பேசும் பேச்சு மட்டுமே. தொழுகைக்கான இடம் கண்ணெதிரே பரந்து கிடக்கும் நாட்டிலும், காலுக்குச் சுதந்திரம் இல்லாதவனுக்கு வழிபாட்டிடம் இல்லை. இதைக் காட்டியதே அந்த நாவலின் பலம். மதம் மாறினாலும் எனது அக்காவின் கதையும் இதுவே.

கோயிலின்றி விசுவாசத்தைக் காத்தல் நமக்குப் புதிதுமல்ல. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தபின், கத்தோலிக்கருக்குக் கோயிலும் இல்லை, குருவும் இல்லை. கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தது 1687இல். இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வீடுகளே கோயில்களாயின. மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670இல் காட்டுக்குள் ஓடிய குடும்பங்களே மடுவை உண்டாக்கினார்கள் என்கிறது மரபு. அதே சொரூபம் 2008 ஏப்ரலில் யுத்தத்துக்குத் தப்பி மீண்டும் இடம்பெயர்ந்தது. நாம் ஏங்கும் 'சொந்தக் கோயில்' தானே ஓர் அகதிதான்.

ஊர் மணியோசைக்காக ஏங்குவது பிழையென்று நான் சொல்லவில்லை. நானும் ஏங்குகிறேன். ஆனால் அந்த ஏக்கத்தை மாத்திரம் எழுதும்போது, கோயிலுக்குப் போக முடிந்தவரின் கதையே எல்லோருடைய கதையுமாகிவிடுகிறது. வெள்ளிக்கிழமைப் பூசையில் பக்கத்து வாங்கு ஏன் வெறுமையாக இருந்தது, அதில் இருந்திருக்க வேண்டியவர் எந்த வீட்டுக் குசினிக்குள் இருந்தார் என்று கேட்கும் எழுத்து வரவேண்டும். எழுத முடிந்தவர்கள் அவர்களிடம் போய்க் கேட்டாவது எழுதவேண்டும். எனது அக்காவிடம் இத்தனை வருடங்களாக ஒருவரும் கேட்கவில்லை. நானும் போன வருடம்தான் கேட்டேன்.