மதுரை வீரனும் காசி அரசன் தொட்டிலும்

அமெரிக்க நாட்டின் எல்லைப்புறக் காடுகளிலே வேட்டையாடித் திரிந்த டேவி கிராக்கெட் என்பவனது வாழ்க்கையையும், நம்மவர் உடுக்கையடித்துப் பாடும் மதுரை வீரன் கதையையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு ஒரு வேற்றுமை புலனாகாமற் போகாது. இருவரும் எளிய குடிலில் வளர்ந்தவர்கள். இருவரும் வீரராய் வாழ்ந்து கொடுஞ்சாவு எய்தியவர்கள். இருவரையும் செத்தபின் ஜனங்கள் பன்மடங்கு பெரியவராக்கினர். ஆயின், அமெரிக்கர் தம் வீரனின் ஏழ்மையை மறைக்கவில்லை. நாமோ நம் வீரனுக்கு ஓர் அரச பிறப்பைத் தேடிக்கொண்டுவந்து ஒட்டவைத்தோம்.

கிராக்கெட் 1786-ல் இன்றைய டென்னசி நாட்டுப் பகுதியிற் பிறந்தவன். கடனில் உழன்ற தகப்பனுக்காகச் சிறுவயதிலேயே கூலிவேலை செய்து அக்கடனை அடைத்தவன். 1827-ல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டான். பூர்வகுடிகளை அவர்தம் நிலத்தினின்றும் விரட்ட 1830-ல் வந்த சட்டத்தைத் தன் கட்சித் தலைவரையே பகைத்து எதிர்த்தான். (அவனே அதற்கு முன் அம்மக்களோடு போரிட்டவன் என்பதையும், அடிமைகளை வைத்திருந்தவன் என்பதையும் யாம் மறைக்க விரும்பவில்லை.) 1834-ல் தன் வரலாற்றைத் தானே வெளியிட்டான். 1836 மார்ச் 6-ல் அலமோக் கோட்டையில் மாண்டான். அவன் பெயரால் ஆண்டுதோறும் வந்த பஞ்சாங்கங்கள், உறைந்துபோன சூரியனை இளக்கி விடியலில் ஒரு துண்டைச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு வீடு திரும்பினான் என்று கூடப் புளுகின. அத்தனை புளுகிலும் அவனை ஒரு பிரபுவின் மகனாக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

நம் கதையோ காசியில் தொடங்குகிறது. கொடி சுற்றிப் பிறந்த அரசகுமாரன் குலத்துக்கு ஆகாதவனென்று சோதிடர் சொல்ல, குழந்தை காட்டிலே விடப்படுகிறது. அருந்ததியத் தம்பதிகள் எடுத்து வளர்க்கின்றனர். இத்தொடக்கத்தை நீக்கிவிட்டுக் கதையைப் படித்துப் பாருங்கள்; எங்கேனும் ஓட்டை விழுகிறதா? பின்வரும் நிகழ்ச்சி எதற்கும் காசி தேவைப்படவில்லை. பொம்மண்ண நாயக்கன் மகளை அருந்ததியர் வீட்டுப் பிள்ளை மணந்தான் என்பதைக் கேட்கப் பொறாத செவிகளுக்காகவே அத்தொட்டில் கட்டப்பட்டது என்பது எமது துணிபு.

கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. பருவமெய்திய பொம்மி காட்டுக் குடிசையிலே தனித்து வைக்கப்பட்டிருக்கிறாள். அவளுக்குக் காவல் இருப்பது வீரனை வளர்த்த தகப்பனின் கடமை. மழை கொட்டும் இரவில், முதியவரை வீட்டில் இருத்திவிட்டு மகன் காவலுக்குப் போகிறான். வேலைக்காரத் தகப்பன்பால் மகன் கொண்ட பரிவிலிருந்து காதல் பிறக்கிறது! எந்தக் காவியத்திலும் கிட்டாத அழகு இது. புலவரென்று பட்டம் பெறாத ஒருவன் கட்டிய காட்சியன்றோ?

சரித்திரப்படி பார்ப்பின் கதையில் குழப்பம் உண்டு. திருச்சியில் வரும் விஜயரங்க சொக்கநாதர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. மதுரையில் வரும் திருமலை நாயக்கர் 1659-லேயே மறைந்தவர். அதனை யாம் பெரிதுபடுத்தவில்லை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அவ்வீரனுக்கு மீனாட்சி கோயிலில் கிடைத்த இடம் கிழக்கு வாயிற்புறந்தான். காசி அரசன் மகன் என்று பாடியும் அவன் வாசலைத் தாண்டவில்லை!

மலாயாத் தோட்டங்களிலே காடு வெட்டி ரப்பர் நட்ட நம்மவர் லயங்களுக்கருகே முனியாண்டியோடு அவனையும் நிறுத்தினர். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும், சுண்ணாம்புக் கம்பத்துக் கோயிலென்று பெயர் வழங்கிய வீரமாகாளியம்மன் கோயிலில் அவனுக்கு இடமுண்டு. சுருட்டும் சாராயமும் படைத்த தொழிலாளி தன்னைப்போன்ற ஒரு காவற்காரனையே அங்கே கண்டான், காசியைக் கண்டானல்லன். 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமோ காசித் தொட்டிலை விடாது பற்றிக்கொண்டது. வளர்த்த பெற்றோராகக் கலைவாணரும் மதுரமும் நடித்தும், பிறப்பின் பெருமையை அரண்மனைக்கே எழுதிக்கொடுத்துவிட்டது.

முத்துப்பட்டன் கதையிலும் இதே கைவரிசைதான். அந்தணனான பட்டன் மணந்த அருந்ததியப் பெண்கள் இருவரும் பிறப்பால் அந்தணரே என்று சில பாடங்கள் சாதிக்கின்றன. பேராசிரியர் நா. வானமாமலை 1971-ல் அக்கதையைப் பதிப்பித்தார். இவ்விரு கதைகளையும் நம் சங்கங்களில் மேடையேற்ற நினைக்கும் தோழர்கள், அப்பதிப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தபின் ஒத்திகையைத் தொடங்குவார்களாக.