மேசைமேல் ஒரு போர்க்களப் புழுதி

1971 டிசம்பரில் நடந்த இந்திய-பாகிஸ்தான் போரில் பசந்தர் ஆற்றைக் கடந்து போரிட்ட இந்தியாவின் செஞ்சூரியன் டாங்கிகளை ஒரு மேசைமேல் நிறுத்திவிடலாம். 1:35 அளவில் செய்தால் போதும். இந்த அளவைப் பரப்பியது ஜப்பானின் தாமியா நிறுவனம். 1960களின் தொடக்கத்தில், மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி பாந்தர் டாங்கியின் மாதிரியை வடித்தபோது அமைந்த விகிதம், பிறகு உலக வழக்கமே ஆகிவிட்டது.

பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, புது வண்டியைப் பழசாக்குவது. முதலில் துரு நிறம், அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே, அதற்கும் மேலே பச்சை. காய்ந்தபின் ஈரத் தூரிகையால் தேய்த்தால், வீரர்கள் ஏறி இறங்கும் விளிம்புகளில் பச்சை பெயர்ந்து துரு எட்டிப் பார்க்கும். நீர்க்கக் கரைத்த பழுப்பு வண்ணம் ஆணித்தலைகளைச் சுற்றித் தேங்கும். பட்டு நெசவாளருக்கு இந்த வித்தை சட்டெனப் பிடிபடும்: பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்றால் பட்டில் மூன்றாவது நிறம் எழுகிறதல்லவா, அப்படித்தான் இந்தப் பூச்சுகளும்.

இடமறிந்து அழுக்கைத் தேர்வதுதான் இதில் உச்சம். அதே போரில் பாலைவனத்து லோங்கேவாலாவில் நின்ற டாங்கிக்கு வெளிறிய மணல். பசந்தர் செஞ்சூரியனுக்குச் சக்கரங்களில் அப்பிய சேறு. தீப்பிடித்த டாங்கியைக் கைவிட மறுத்து 21 வயது இந்திய வீரர் அருண் கேத்தர்பால் உயிர்நீத்த களம் அது. அந்த நாளைப் படிக்காமல் அந்தச் சேற்றைப் பூச முடியாது. கைவேலையோடு வரலாற்றையும் கற்க வைப்பதால் இதை நான் முழுமையான கலை என்பேன்.